பட்டியல்படி நின்ற ஊர்

ஞானப்பூ தன் வலைத்தளத்துக்குக் கையால் பட்டியல் எழுதுவதை நிறுத்தி, அந்த வேலையைக் கணினியிடமே விட்ட மறுநாள் காலையில், செம்மணல்விளைக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றபோது, வீட்டுக்கு ஒருவராகக் குடத்தோடு ஓடிவந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும், யாரும் யாரையும் இடிக்காமல், யாரும் யாருடைய குடத்தையும் காலால் தள்ளாமல், அந்தப் பட்டியலில் தங்கள் பெயர் எத்தனையாவதாக இருந்ததோ அத்தனையாவது ஆளாகப் போய் நின்றார்கள். பட்டியல் பக்கத்துக்குப் பத்துப் பேராக இருந்ததால், பத்துப் பேருக்கு ஒருமுறை வரிசையில் ஒரு கை அகலம் இடைவெளியும் விழுந்தது. லாரி டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்காவது மனுசனா நின்னியள, சந்தோசம்" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்த பேச்சு.

ஞானப்பூ கிளை நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறவள். தேரிக்காட்டின் செம்மண்ணுக்கு நடுவில் இப்படி ஒரு ஊர் இருப்பது வரைபடத்துக்கே சரியாகத் தெரியாது என்ற கோபத்தில், வீட்டுக்கு ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை என்று பதினான்கு மாதம் எழுதினாள். ஒவ்வொரு கட்டுரையும் ஒரு சின்னக் கோப்பு. கோப்பின் தலையில் மூன்று வரி: தலைப்பு, ஆளின் பெயர், தேதி. ஒரு கட்டளை கொடுத்தால் கணினி எல்லாக் கோப்புகளையும் திறந்து பக்கங்களாக்கிவிடும். முதல் பக்கத்துப் பட்டியலை மட்டும் அவளே தட்டிக்கொண்டிருந்தாள். அதில் இன்றைக்கு ஒருவர் விட்டுப்போவார், நாளைக்கு ஒருவர் இரண்டு தடவை வருவார், விட்டுப்போனவர் நூலகத்துக்கே வந்து சண்டை போடுவார். சலித்துப்போய் ஒருநாள் உட்கார்ந்து, கணினியே கோப்புகளை எல்லாம் படித்து, தேதி பார்த்து, புதியது மேலே பழையது கீழே என்று பட்டியலிடும்படி நாற்பது வரி எழுதினாள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் புதுக் கட்டுரை தானாகப் போய்ச் சேரட்டும் என்று, ஒரு செய்தியோடையையும் அதே கணினி உண்டாக்கும்படி செய்தாள். ஓடையில் கடைசி இருபது கட்டுரை மட்டும் போகும். பட்டியல் ஊருக்கு, ஓடை வெளியூருக்கு என்று நினைத்துக்கொண்டாள். பட்டியல் ஊரின் கால்களுக்குள் புகுந்துகொள்ளுமா என்று அவள் கேட்கவும் இல்லை, புகுந்துகொள்ளும் என்று கணினி சொல்லவும் இல்லை.

ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. ரேஷன் கடையிலும் அதே வரிசை, கொடைவிழாப் பந்தியிலும் அதே வரிசை, மாதா கோயில் நற்கருணைக்கும் அதே வரிசை, முடிதிருத்தும் கடை பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தால் அதிலும் அதே வரிசை. வேண்டுமென்று முன்னால் போய் நிற்கப் பார்த்த சண்டியர்கள் இருந்தார்கள். கால் தானாகப் பின்னுக்கு நடந்து கொண்டுபோய் இடத்தில் விட்டுவிடும். வரப்புச் சண்டையில் ஆறு வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரைப் பற்றி ஞானப்பூ அடுத்தடுத்த நாளில் எழுதியிருந்ததால், அவர்கள் எங்கே போனாலும் முன்னும் பின்னுமாகவே நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாம் மாதம் தம்பி, "எத்தனை நாளைக்குடே ஒன் பிடரியவே பாத்துக்கிட்டு நிக்க?" என்று கேட்டான். வழக்கு அத்தோடு வாபஸ். போலீஸ்காரர் ஒருவர் திருவிழாவுக்கு வந்து, செய்ய வேலை இல்லாமல் ஒரு பாயசத்தைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? புதுக் கட்டுரைக்கு முதலிடம் என்று தெரிந்ததும், ஞானப்பூ வீட்டு வாசலுக்கு முருங்கைக்காய்க் கட்டு வந்தது, கருப்பட்டி வந்தது, ஒரு வீட்டிலிருந்து தூக்குவாளி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பே வந்தது. "என்னைப் பத்தி இன்னொருக்க எழுதேன் தாயி, நான் பாம்பு பிடிச்ச கதைய நீ விட்டுட்டியே" என்பார்கள். கறிக்குழம்பை அவள் சாப்பிட்டாள் என்பதும் உண்மை, எழுதவில்லை என்பதும் உண்மை. கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் சேர்மத்துரை ஊரைக் கூட்டித் தீர்மானம் போட்டார்: ஒரு வீட்டுக்கு ஒரு கட்டுரைதான், எழுதியதை எடுக்கக் கூடாது, கோப்பில் இருக்கிற தேதியை யாரும் தொடக் கூடாது. ஞானப்பூ எல்லாருக்கும் முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாள். தலைவரிடம் அனுமதி கேட்கப் போன அன்றே முதன்முதலாக அவரைப் பற்றி எழுதிவிட்டதால், சேர்மத்துரை வரிசையில் கடைசிக்கு முந்தின ஆள். "தலைவன்னா சனத்தைத்தான் முன்னால விடணும்" என்று மார்தட்டிக்கொள்வார். அவருக்குப் பின்னாலும் ஓர் ஆள் நின்றதால் அப்படிச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அந்தக் கடைசி ஆள் சுடலைவடிவு.

உப்பளத்தில் உப்பு வாருகிறவள். நாற்பத்தாறு வயது. புருஷன் உப்பளத்திலேயே இடி விழுந்து செத்துப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. கல்யாண வீடுகளுக்குப் பின்வாசல் வழியாக வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகவே போகிறவள். அவள் கடைசியில் நின்றது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. "அவ ராசி அப்படி" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களுக்கு அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. லாரித் தண்ணீர் இருநூறாவது ஆளோடு தீர்ந்துபோகும். அதற்கப்புறம் நிற்பவர்களில் மற்றவர்களுக்கெல்லாம் முன்வரிசையில் ஒரு மச்சினனோ சம்பந்தியோ இருந்தான், அரைக்குடம் சாய்த்துக் கொடுப்பான். தலைவருக்கு டிரைவரே இரண்டு குடம் ஒதுக்கி வைப்பார். வடிவுக்கு டாங்கியின் அடிமண்டி.

ஞானப்பூ வேற்றூரிலிருந்து வாழ வந்தவள். தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளாததால் பட்டியலில் இல்லை. விருந்தாளிகளைப் போல அவளுக்கு மட்டும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வந்த புதிதில், ஊரே அவளை ஏற இறங்கப் பார்த்தபோது, முதலில் வந்து பேசியவள் வடிவுதான். அதனால் தன் குடத்தில் ஒன்றை வடிவு வீட்டில் இறக்கிவைப்பாள். மூன்று மாதம் வாங்கிக்கொண்ட வடிவு, நாலாவது மாதம் கதவிலேயே மறித்தாள்.

"வேண்டாம்ளா. இரவல் தண்ணியில எத்தன நாளைக்குக் கஞ்சி காய்ச்ச?"

"யக்கா, பேசாம ஒங்க கட்டுரைய எடுத்துருதேன். தீர்மானமாவது மண்ணாவது. பட்டியல்ல இல்லாட்டா என்னை மாதிரி எங்கன வேணும்னாலும் நிக்கலாம்லா?"

வடிவு உப்பு அரித்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "இந்த ஒலகத்துல என்னைப் பத்தி எழுதுனது அது ஒண்ணுதான் ஞானப்பூ. கடைசியிலயாவது நான் இருக்கேம்லா. அதையும் எடுத்துட்டா நான் எங்கன இருக்கேன்?"

ஞானப்பூ கட்டுரையை எடுக்கவில்லை. ஏழாவது மாதம், கோடை உச்சியில், வடிவு ஒரு துணிப்பையில் இரண்டு சேலையை மடித்துவைத்து, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறேன், அங்கே போனால் குழாயைத் திறந்தால் தண்ணி வருமாம் என்று சொல்லிவிட்டாள். முகூர்த்த நாள். காலை பஸ்ஸுக்கு ஊரே நின்றது. வரிசைப்படி எல்லாரும் ஏற, படிக்கட்டு வரை நிறைந்து, வடிவு ஏறுமுன் பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திருச்செந்தூரில் விசேஷம், அன்றைக்கும் அப்படியே. ஊரில் இருக்கவும் இடமில்லை, ஊரைவிட்டுப் போகவும் இடமில்லை என்று வடிவு சிரித்தாள். திங்கட்கிழமை கூட்டம் இருக்காது. திங்கட்கிழமை அவள் போய்விடுவாள். இந்த ஊரில் தன்னை ஒரு மனுஷியாக நினைத்து முதல் வார்த்தை பேசியவள் இல்லாமல் இங்கே எப்படி இருப்பது என்பதே ஞானப்பூவுக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஷார்ஜாவில் லிப்ட் வேலை பார்க்கிற இசக்கிராசா, இருபது கட்டுரை பத்தாது, பழையதெல்லாம் சேர்த்து அனுப்பு என்று கேட்டிருந்தான். ஞானப்பூ ஓடையின் அளவைத் தளர்த்தி, இருநூற்றுப் பன்னிரண்டையும் அதில் ஓடவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, எல்லாம் வந்துட்டு. ஒரே ஒரு சந்தேகம். நீங்க பொறக்குமுன்னயே எழுத ஆரம்பிச்சிட்டியளா?"

"என்னடே சொல்லுத?"

"வடிவு அத்தை கட்டுரை இருக்குல்லா, அதுல தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒண்ணு, வியாழக்கிழமை, காலை அஞ்சரை மணின்னு காட்டுது. அன்னைக்கு வடிவு அத்தையே பொறக்கலயே!"

ஞானப்பூ போனை வைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தாள். மற்ற எல்லாக் கோப்பிலும் தேதி எண்ணில் இருந்தது. இதில் மட்டும் ஆடி 18 என்று இருந்தது. எழுதிய அன்றைக்கு வடிவு சொன்னது அப்படியே காதில் கேட்டது: "ஆடி பதினெட்டுன்னே போடுளா. அவுக இருந்தப்ப அன்னைக்குத்தான் நான் தாலிக்கயிறு மாத்துவேன். எனக்கு ஒரு தேதி உண்டும்னா அது ஒண்ணுதான்." அவள் ஆசைப்பட்டபடியே ஞானப்பூ போட்டாள். பக்கத்திலும் அது அப்படியே அழகாகத் தெரிந்தது. ஆனால் கணினிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. புரியாத தேதியைக் கண்டால் அது தன் கணக்கின் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அதன் பூஜ்ஜியம் அந்த வியாழக்கிழமை. ஒழுங்காகப் படித்திருந்தால் வடிவு நூற்று முப்பத்து நாலாவது ஆள். நல்ல தண்ணீர் கிடைக்கிற இடம்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஞானப்பூ அழுதாள். தப்பு செய்ததற்காக இல்லை. தப்பு யாருக்கும் வரும். ஏழு மாதமாக அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கிறவள் அவள். வடிவை ஆடி மாதத்தில் எழுதினோம் என்பது அவளுக்கு மறந்தே போகவில்லை. வேறு யார் பெயராவது அந்தக் கடைசி இடத்தில் கிடந்திருந்தால், இது எப்படி இங்கே வந்தது என்று ஒரே நாளில் கேட்டிருப்பாள். வடிவு என்றதும் கேட்கவில்லை. ஊரைப் போலவே அவள் கண்ணுக்கும் அது சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்த வெட்கத்தை அவளால் விழுங்க முடியவில்லை.

ஒரு விசையைத் தட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் சத்தியம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை பஞ்சாயத்து ஆபீஸ் கொட்டகையில் ஊர் கூடியது. பத்துப் பத்தாக, இடையில் ஒரு கை இடைவெளி விட்டு, பட்டியல்படிதான் உட்கார்ந்தார்கள். ஞானப்பூ எழுந்து நடந்ததைச் சொன்னாள். தான் கவனிக்காமல் விட்டதையும், ஏன் கவனிக்காமல் விட்டோம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கூட்டத்தில் சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் குனிந்த தலைக்குள்ளேயே கணக்கும் ஓடியது. வடிவு மேலே ஏறினால், அந்த இடத்திலிருந்து கீழே இருக்கிற எழுபத்தெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு படி இறங்க வேண்டும்.

இருநூறாவது இடத்துக்காரி சந்தனக்கொடி முதலில் வாயைத் திறந்தாள். "பாவம்தான், நான் இல்லைங்கல. ஆனா அவ ஏறுனா எங்க வீட்டுக்குத்தான தண்ணி நின்னுபோவும்? எனக்கு மட்டும் ஆகாசத்துல இருந்தா ஊத்தும்?"

சேர்மத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். தனக்குப் பின்னால் இனி ஆளில்லை என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "இரக்கம் வேற, தீர்மானம் வேற. தேதியத் தொடப்படாதுன்னு நாமதான் முடிவு பண்ணோம். நீயும் கையெழுத்துப் போட்டிருக்க, ஞானப்பூ. இன்னைக்கு வடிவுக்குத் தொட்டா நாளைக்கு ஆளுக்கு ஒரு தேதி கொண்டுவருவான். என்ன சொல்லுதிய?"

சட்டம் பேசுகிறவனுக்கு எதிரே நியாயம் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பது நம் ஊர்களில் புதிதா என்ன? ஞானப்பூ சத்தியத்தை மீறிவிடுவது என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டாள். அப்போது கடைசியிலிருந்து, பன்னிரண்டு வருடமாக எந்தக் கூட்டத்திலும் பேசாத சுடலைவடிவு எழுந்து நின்றாள். அவளைப் பார்க்க ஊரே திரும்ப வேண்டியிருந்தது.

"தேதியத் தொட வேண்டாம், தலைவரே. அது சரியாத்தான இருக்கு? நான் சொன்ன தேதி, இவ எழுதுன தேதி. ஆடி பதினெட்டு இங்க ஒங்க எல்லாருக்கும் தெரியும்லா? மிசினுக்குத்தான தெரியல?" அவள் அதோடு நிற்கவில்லை. "தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க மாட்டோமா? அதுக்கு ஆடின்னா என்னன்னு சொல்லிக் குடுங்க. மிசினுக்குச் சொல்லிக் குடுக்கப்படாதுன்னு தீர்மானத்துல இருக்கா?"

தலைவர் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். திருப்பியும் படித்தார். இல்லை. பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னார். அப்போதும் இல்லை. வரப்புச் சண்டைக்காரத் தம்பிதான் முதலில் கெக்கலித்துச் சிரித்தான், அப்புறம் அண்ணன், அப்புறம் பத்துப் பத்தாகக் கொட்டகை முழுதும் சிரித்தது. சந்தனக்கொடி மட்டும் சிரிக்காமல், "சரி, ஆடி எல்லாருக்கும் பொதுதான, சொல்லிக் குடு" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஞானப்பூ அங்கேயே, எல்லாரும் சுற்றி நிற்க, கணினிக்குப் பன்னிரண்டு மாதத்தையும் சொல்லிக் கொடுத்தாள். சித்திரை எப்போது பிறக்கும், ஆடி ஜூலை பதினேழில் பிறந்தால் பதினெட்டாம் நாள் எங்கே வரும், எந்த மாதத்துக்கு முப்பத்திரண்டு நாள் என்பதையெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கத்திச் சொன்னார்கள். பஞ்சாங்கம் பார்க்கிற பூசாரி ஒரு நாள் பிசகைத் திருத்தினார். பங்குத்தந்தை அதற்கும் ஒரு திருத்தம் சொன்னார். கோப்பில் ஆடி 18 அப்படியே இருந்தது. ஞானப்பூ கட்டளையைக் கொடுத்தாள். பட்டியல் ஒருதரம் கலைந்து அடுக்கிக்கொண்டது. ஓடையும் புதிதாக ஓடியது. கொட்டகை கலையுமுன்பே ஷார்ஜாவிலிருந்து, "அத்தைக்கு வயசு சரியாயிட்டு" என்று சேதி வந்தது.

திங்கட்கிழமை காலையில் திருப்பூர் போகிற பை கொடியில் தொங்க, வடிவு குடத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வரிசையின் வாலுக்கு நடந்தாள். கால் கேட்கவில்லை. அது அவளைத் தலைவரைத் தாண்டி, சந்தனக்கொடியைத் தாண்டி, ஏழு இடைவெளிகளைத் தாண்டி மேலே கூட்டிக்கொண்டு போயிற்று. அங்கே இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள்.

சேர்மத்துரை இரவோடு இரவாக யாருக்கு எத்தனை போன் போட்டாரோ தெரியாது. ஏழு மாதமாக அவர் கேட்காமலே விட்ட இரண்டாவது லாரி அன்றைக்கு வந்தது. வந்ததும் இல்லாமல் நேரே வரிசையின் வாலுக்குப் போய் நின்றது. "கடைசியில நிக்கவங்களையும் கவனிக்கணும்லா" என்று அவர் முதல் குடத்தைப் பிடித்தார். போகட்டும், அடுத்த குடங்கள் சந்தனக்கொடிக்கும் மற்றவர்களுக்கும் நிறைந்தன.

இங்கே முன் லாரியில் வடிவின் முறை வந்தது. தண்ணீர் மண்டி இல்லாமல், வெயிலில் பளபளவென்று குடத்துக்குள் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடம் நிறைந்து வழிந்து கால் நனைந்தும் நகரவில்லை. லாரியோரம் நின்ற ஞானப்பூவுக்கு, போய்த் தோளைத் தொடலாமா என்று இருந்தது.

"ஏ வடிவு! நிறைஞ்சுட்டுல்லா, நகருளா! பின்னால ஆள் நிக்கது கண்ணு தெரியலயா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி எரிந்து விழுந்தாள்.

வடிவு திரும்பிப் பார்த்தாள். ஒன்றா, இரண்டா, தெருமுனை வரைக்கும் ஆட்கள் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்புமாக, "செத்த இருளா! பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்!" என்று அவளும் வாய் நிறையத் திருப்பிக் கத்தினாள்.